டிக் வின்டர்ஸ்: போர் 11 மாதம், குடும்பம் 62 வருடம்

ஏரிக்கரையான்:

இரண்டாம் உலகப்போர் என்றாலே இங்கே டாங்கியும் விமானமும்தான் பேச்சு. கொஞ்சம் மாற்றி ஒரு மனிதரைப் பற்றிப் பேசலாமே என்று தொடங்குகிறேன். ரிச்சர்ட் வின்டர்ஸ். எல்லோருக்கும் டிக் வின்டர்ஸ். அமெரிக்காவின் 101-வது வான்குடை டிவிஷன், 506-வது ரெஜிமெண்ட், ஈஸி கம்பெனி. 2001-ல் எச்பிஓ தொலைக்காட்சியில் வந்த 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. 1918-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். லங்காஸ்டர் பக்கம், மெனோனைட் (போரை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பின்னணி உள்ள குடும்பம். குடி கிடையாது. கல்லூரியில் பொருளாதாரம் முடித்து, 1941 ஆகஸ்டில் ராணுவத்தில் சேர்ந்தார். ஒரு வருடத்துக்குக் கட்டாய சேவையை முடித்துவிட்டு வந்துவிடலாம் என்பது கணக்கு. டிசம்பரில் பேர்ல் ஹார்பர். கணக்கு தவறிவிட்டது. அதிகாரிப் பயிற்சி, அப்புறம் வான்குடைப் படை. 1944 ஜூன் 6-ல் நார்மண்டியில் குதித்தார். ஹாலந்து, பெல்ஜியத்தில் பாஸ்டோன், ஜெர்மனி என்று போய் மேஜராகப் போரை முடித்தார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் சண்டை போட்டது 1944 ஜூனிலிருந்து 1945 மே வரை, வெறும் 11 மாதம். 1948 மே 16-ல் எத்தெலைக் கல்யாணம் செய்து, 2011 ஜனவரியில் சாகும்வரை கூடவே வாழ்ந்தார். 62 வருடம். உலகம் அந்த 11 மாதத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் நார்மண்டியில் முதல் நாள் சண்டை முடிந்த ராத்திரி அவர் வேண்டிக்கொண்டது பதக்கம் கேட்டல்ல. உயிரோடு திரும்பினால் எங்காவது ஒரு துண்டு நிலம் வாங்கி மீதிக் காலத்தை அமைதியாக ஓட்டுவேன் என்று. சொன்னதைச் செய்தும் காட்டினார். அவருடைய தலைமைக் குணத்தையும் வீட்டு மனிதன் என்ற குணத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. உங்கள் கருத்து?

கூர்வாள்:

நல்ல இழை. நான் 11 மாதக் கட்சி, மன்னிக்கவும். :)

பிரெகூர் மேனர் பற்றிச் சொல்லாமல் வின்டர்ஸைப் பற்றிப் பேசவே கூடாது. நார்மண்டியில் குதித்த அதே நாள். அமெரிக்கப் படை வந்திறங்கும் யூட்டா கடற்கரையிலிருந்து உள்ளே வரும் சாலையை நோக்கி ஜெர்மன் பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கின்றன. நான்கு பீரங்கி, 105 மி.மீ. வேலிப்புதர்களுக்கு நடுவே மறைத்து வைத்திருக்கிறார்கள். பட்டாலியனிடமிருந்து வின்டர்ஸுக்கு வந்த உத்தரவு கிட்டத்தட்ட ஒரே வரி: அங்கே சுடுகிறார்கள், போய் அடக்கு. எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை இயந்திரத் துப்பாக்கி, ஒன்றும் தெரியாது. கையில் பத்துப் பன்னிரண்டு பேர்.

அவர் செய்த முதல் காரியம், ஆட்களிடம் தோட்டாவையும் கையெறிகுண்டையும் தவிர மற்ற மூட்டை முடிச்செல்லாம் இறக்கி வைக்கச் சொன்னது. இரண்டாவது, தானே முன்னால் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு இயந்திரத் துப்பாக்கிகளை ஒரு பக்கம் நிறுத்தி எதிரியின் தலையைத் தூக்க விடாமல் சுட வைத்து, காம்ப்டன், குவார்னியர், மலார்க்கி மூவரையும் புதரோரமாக அனுப்பினார். கையெறிகுண்டு வீசி முதல் பீரங்கியைப் பிடித்தார்கள். ஜெர்மன்காரர்கள் பீரங்கிகளை இணைத்து அகழி வெட்டி வைத்திருந்தார்கள் அல்லவா, அதே அகழி இவர்களுக்கு வழியாகிவிட்டது. ஒன்றைப் பிடி, அகழி வழியாக அடுத்ததுக்குப் போ. பீரங்கிக் குழாய்க்குள் டிஎன்டி கட்டியைப் போட்டு, ஜெர்மன்காரனின் கையெறிகுண்டையே திரியாக வைத்து வெடித்தார்கள்.

நடுவில் மலார்க்கி, செத்துக்கிடந்த ஜெர்மன் சிப்பாயிடம் லூகர் கைத்துப்பாக்கி இருக்கும் என்று வெட்டவெளியில் ஓடியது தனிக் கூத்து. அவனை வைத்தியப் பணியாளன் என்று நினைத்தோ என்னவோ ஜெர்மன்காரர்கள் கொஞ்ச நேரம் சுடவே இல்லை. போய்ப் பார்த்தால் லூகரும் இல்லை.

இதைவிடப் பெரியது, ஒரு பீரங்கி நிலையில் வின்டர்ஸுக்குக் கிடைத்த வரைபடம். கோத்தந்தான் தீபகற்பத்தில் ஜெர்மன் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்தது. உடனே மேலே அனுப்பினார். இந்தத் தாக்குதலுக்குத்தான் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ், அமெரிக்க ராணுவத்தின் இரண்டாவது உயரிய வீரப் பதக்கம். ஜெனரல் பிராட்லி கையால். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நிலைபெற்ற பீரங்கியைத் தாக்குவது எப்படி என்பதற்கு இன்றும் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

புதுவரவு_தென்றல்:

கேள்வி கேட்கலாமா? வான்குடைப் படை என்றால் என்ன விசேஷம்? கீழே இறங்கிய பிறகு எல்லோரும் காலாட்படைதானே?

கூர்வாள்:

@தென்றல், இறங்கிய பிறகு காலாட்படைதான். ஆனால் எதிரிக்குப் பின்னால் போய் இறங்கிய காலாட்படை. சுற்றிலும் எதிரி. டாங்கி கிடையாது, கனரகப் பீரங்கி கிடையாது, சுமந்து வந்ததுதான் சொத்து. அதனால் எல்லோரும் தாமாக முன்வந்தவர்களாகவே இருக்கவேண்டும் என்று வைத்தார்கள். ஐந்து முறை குதித்தால் வெள்ளிச் சிறகுச் சின்னம்.

பணமும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். 1942-ல் சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 50 டாலர். குதிப்பவனுக்குக் கூடுதலாக இன்னொரு 50. அதிகாரிக்கு 100. பொருளாதார மந்தத்தில் வளர்ந்த பையன்களுக்கு இது சாதாரணத் தொகை இல்லை.

குதிப்பது எப்படி என்றால், முதுகில் இருக்கும் குடையின் நாடாவை விமானத்துக்குள் ஓடும் கம்பியில் கொக்கி போட்டு மாட்டிவிடுவார்கள். வெளியே விழுந்ததும் நாடா இழுத்துக் குடை தானாக விரியும். நார்மண்டி ராத்திரியில் பிரச்சினை என்னவென்றால், கீழிருந்து சுட ஆரம்பித்ததும் பல விமானிகள் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டிவிட்டார்கள். அந்த வேகத்தில் குடை விரிந்த அதிர்ச்சியில், காலில் கட்டியிருந்த பை பிய்த்துக்கொண்டு போனது. வின்டர்ஸின் துப்பாக்கியும் அதில்தான் போனது. ஒரு கத்தியோடு இறங்கினார். அதுவும் இறங்கவேண்டிய இடத்தில் இல்லை, சாந்த் மேர் எக்லீஸ் பக்கத்தில். கம்பெனித் தலைவர் லெப்டினன்ட் மீஹன் இருந்த விமானம் சுடப்பட்டு அதிலிருந்த அனைவரும் இறந்துபோனார்கள். அது தெரியாமலேயே வின்டர்ஸ் அன்று முழுக்கக் கம்பெனியை நடத்தியிருக்கிறார்.

ஐயப்பாடு:

எல்லோரும் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

வின்டர்ஸ் திறமையான அதிகாரி. மறுப்பதற்கில்லை. ஆனால் நமக்குத் தெரிந்த வின்டர்ஸ் 1992-ல் வரலாற்றாசிரியர் ஆம்ப்ரோஸ் எழுதிய, அந்தத் தொடருக்கு மூலமான புத்தகம் வழியாகத் தெரிந்தவர். அந்தப் புத்தகம் பெரும்பாலும் உயிரோடிருந்த வீரர்களின் நினைவுகளை வைத்து எழுதியது. அதில் வின்டர்ஸின் குரல் கனமானது. அதே புத்தகம் ஆல்பர்ட் பிளைத் என்ற சிப்பாய் காயத்திலிருந்து மீளாமல் 1948-ல் இறந்ததாகச் சொன்னது. தொடரும் அப்படியே காட்டியது. அவரோ பிழைத்து, ராணுவத்திலேயே தொடர்ந்து, 1967-ல்தான் இறந்தார். ஒரு மனிதனின் 19 வருட வாழ்க்கையையே காணாமல் அடித்த நூலை வைத்துக்கொண்டு "இவர் இப்படி, அவர் அப்படி" என்று சாமி கும்பிடுவது சரியா?

அடுத்து, ஈஸி கம்பெனியின் முதல் தலைவர் சோபெல். தொடரைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவர் வில்லன். டொக்கோவா பயிற்சி முகாமில் குராஹி மலையை ஏற 3 மைல், இறங்க 3 மைல் ஓட வைத்து, சின்னச் சின்னத் தப்புக்கெல்லாம் விடுமுறையை ரத்து செய்த கேப்டன் சோபெல். வின்டர்ஸோடு கழிவறைச் சோதனை விவகாரத்தில் மோதியவர். பாவம், அவர் கதை எப்படி முடிந்தது தெரியுமா? பிற்காலத்தில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு, உயிர் பிழைத்து, பார்வையை இழந்து, 1987-ல் இறந்தார். தன் தரப்பைச் சொல்ல ஆளில்லை. புத்தகம் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே போய்விட்டார்.

ஏரிக்கரையான்:

@ஐயப்பாடு, தண்ணீர் ஊற்றுங்கள், வேண்டியதுதான். பிளைத் விஷயம் சரி. சோபெல் விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: ஈஸி கம்பெனியை அப்படி இறுக்கிக் கட்டியது சோபெலின் பயிற்சிதான் என்று வின்டர்ஸே பின்னால் ஒத்துக்கொண்டிருக்கிறார். கம்பெனியில் பலரும் அதைச் சொன்னார்கள். வரைபடம் படிக்கத் தடுமாறிய மனிதரோடு நார்மண்டிக்குப் போகப் பயந்தார்கள், அவ்வளவுதான்.

கழிவறை விவகாரம் தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் ஆல்ட்போர்ன் கிராமத்தில் முகாம். 1943 அக்டோபர் கடைசி. கழிவறையைச் சோதிக்கச் சொன்ன நேரத்தைச் சோபெல் 15 நிமிடம் முன்னால் மாற்றிவிட்டார். வின்டர்ஸுக்குச் சேதி போகவில்லை. தண்டனை: 60 நாள் வெளியே போக அனுமதி கிடையாது. வேறு யாராவது இருந்தால் தலையெழுத்து என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இவர் "அப்படியானால் கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) வையுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாள் அவரைச் சமையலறைப் பொறுப்புக்குத் தூக்கிப் போட்டார்கள். அதைப் பார்த்த சார்ஜெண்டுகள், சோபெலுக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம், பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். போர்க்காலத்தில் இது கலகம், சுட்டே கொன்றிருக்கலாம். ரெஜிமெண்டின் தலைவர் கர்னல் சிங்க் ஓரிருவர் பட்டையைப் பிடுங்கிவிட்டு, சோபெலை வேறு இடத்துக்கு மாற்றி விஷயத்தை முடித்தார்.

மலர்விழி:

எல்லோரும் பீரங்கியும் கோர்ட் மார்ஷலுமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். தலைப்பில் குடும்பம் என்று ஒரு சொல் இருந்ததே!

ஆல்ட்போர்ன் என்றதும் எனக்கு பார்ன்ஸ் தம்பதிதான் ஞாபகம். வின்டர்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு, தனியாக இருக்கலாமே என்று கல்லறைத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே வயதான தம்பதி ஒரு கல்லறையைப் பராமரித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்து இறந்த மகனின் கல்லறை. பேச்சு கொடுத்து, தேநீருக்கு வீட்டுக்குக் கூட்டிப்போய், அப்புறம் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார்கள். கடை வைத்திருந்த சாதாரணக் குடும்பம். மாலையில் தேநீர், பைபிள் வாசிப்பு, ஜெபம், கொஞ்சம் அரட்டை. முகாமில் மற்ற அதிகாரிகள் லண்டனுக்குப் போய் ஆட்டம் பாட்டம் என்றிருந்தபோது இந்த மனிதர் அந்த வீட்டில் ராணுவக் கையேடு படித்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்பது மாத அமைதிதான் தன்னைப் போருக்குத் தயார் செய்தது என்று பிறகு நன்றியோடு சொன்னார்.

அம்மா வீட்டிலிருந்து கடல் தாண்டி வந்த பையனுக்கு ஒரு வீடு கிடைத்தது, பையனை இழந்த வீட்டுக்கு ஒரு பையன் கிடைத்தான். இதை யாரும் பாடமாக வைக்க மாட்டார்கள், வெஸ்ட் பாயிண்ட் உட்பட.

ஏரிக்கரையான் அண்ணா சொன்ன கருத்தோடு நான் ஒத்துப்போகிறேன். எங்கள் மாமனார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், 71 யுத்தம் பார்த்தவர். யுத்தத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. கடைசியாகத்தான் இலையில் உட்காருவார். ராணுவத்தில் அதிகாரி, ஆட்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும் என்பார். வின்டர்ஸும் பாஸ்டோனில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நின்று, அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் அவரையும் ஆறிப்போன சாறும்.

கூர்வாள்:

@மலர்விழி, சரியாகச் சொன்னீர்கள் அக்கா. குடி கிடையாது என்று மேலே போட்டிருந்தார்களே, அதில் ஒரு வேடிக்கை. அவருடைய உயிர்த்தோழன் லூயிஸ் நிக்சன் மொடாக்குடியர். வாட் 69 விஸ்கிதான் வேண்டும். அதை எங்கே ஒளித்து வைத்தார் தெரியுமா? வின்டர்ஸின் பெட்டியில். அந்தப் பெட்டியை எவனும் சந்தேகப்பட மாட்டான்! போர் முடிந்து ஜெர்மனியின் பெர்ச்டெஸ்காடனில் நாஜித் தலைவர் கோரிங்கின் மது நிலவறை, ஆயிரக்கணக்கான பாட்டில், கையில் விழுந்தபோது, முதலில் வேண்டியதை எடுத்துக்கொள் என்று நிக்சனைத்தான் கூட்டிப் போனார்.

கிழக்குவாசல்:

வான்குடை என்றதும் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ராணுவ மருத்துவர். 1941-ல் இந்தியாவில் வான்குடைப் படை ஆரம்பித்தபோது முதன்முதலில் குதித்த இந்தியர்களில் ஒருவர். கொரியப் போரில் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை. 1951 மார்ச் 23-ல் முன்சான்னியில் அமெரிக்காவின் 187-வது வான்குடைப் படை குதித்தபோது, இவரும் இவருடைய சிறு அறுவை சிகிச்சைக் குழுவும் கூடவே குதித்தார்கள். மகாவீர் சக்ரா. அதோடு நிற்கவில்லை, பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலை பார்த்தார்.

வின்டர்ஸுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். இவர் பெயரைச் சொன்னால் நம் ஊரிலேயே "யாரு?" என்கிறார்கள்.

மட்டுறுத்துநர்:

ரங்கராஜ் பற்றித் தனி இழை தொடங்குங்கள், கண்டிப்பாக வேண்டும். இங்கே வின்டர்ஸ் தொடரட்டும்.

ஐயப்பாடு:

தலைமைக் குணமும் வீட்டுக் குணமும் ஒன்று என்கிறார்கள். அதில்தான் எனக்கு நெருடல். பிரான்சில் ஹகெனா என்ற ஊரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம்.

1945 பிப்ரவரி. போர் முடியப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மோடர் ஆறு நடுவில், அந்தக் கரையில் ஜெர்மன்காரர்கள். ராத்திரி ரப்பர் படகில் ஆற்றைத் தாண்டிப் போய் கைதிகளைப் பிடித்துவர உத்தரவு. போனார்கள், பிடித்தார்கள், ஆனால் ஒரு சின்னப் பையன் செத்துப்போனான். கர்னல் சிங்குக்கு ஒரே சந்தோஷம், மறுநாளும் ஒரு ரோந்து போகட்டும் என்கிறார். பட்டாலியன் பொறுப்பில் இருந்த வின்டர்ஸ் ஆட்களைக் கூட்டி, போகவேண்டாம், தூங்குங்கள், காலையில் போனோம், ஆள் கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்துவிடலாம் என்றார்.

இது அன்பு, சரி. ஆனால் இது பொய் அறிக்கை. உத்தரவு மீறல். அடுத்த பிரிவுத் தலைவர் "ஈஸி போய்ப் பார்த்துவிட்டது, எதிர்க்கரையில் ஆள் இல்லை" என்று நம்பிக் காலெடுத்து வைத்தால்? எல்லோரும் தங்கள் ஆட்களைக் குடும்பம் போல நேசித்து இப்படிச் செய்தால் ராணுவம் என்று ஒன்று இருக்குமா? சோபெல் 15 நிமிட நேர மாற்றத்தை ஒளித்ததற்குப் பெயர் அயோக்கியத்தனம், இதற்குப் பெயர் தலைமையா?

ஏரிக்கரையான்:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அவர் எந்த மாதிரி ஆள் என்பதைக் கணக்கில் வையுங்கள். செய்யாத தப்புக்கு 60 நாள் தண்டனையை ஏற்காமல் கோர்ட் மார்ஷலைக் கேட்ட ஆள். சட்டப்படி நடப்பதில் பிடிவாதம். உயிரைப் பணயம் வைக்கத் தயங்குபவரும் அல்ல. 1944 அக்டோபர் 5, ஹாலந்தில் ரைன் ஓரத்துக் கரைமேட்டுச் சாலை. 35 பேரை வைத்துக்கொண்டு எஸ்எஸ் படையினர் மேல் ஏறினார். புகைக்குண்டு போட்டதும் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு திறந்த வெளியில் ஓடினார்கள். இவர் எல்லோருக்கும் முன்னால். கரைமேட்டின் மேல் ஏறிப் பார்த்தால் ஒரு இளைஞன் காவலுக்கு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் ஒரு முழுக் கம்பெனியே படுத்துக்கிடக்கிறது. அவனைச் சுட்டார். அந்தக் கூட்டத்தையும் சுட்டார். எதிரே இருந்தது இரண்டு கம்பெனி.

அந்த நாள்தான் அவர் போரில் கடைசியாகத் துப்பாக்கியைச் சுட்டது. பிறகு பட்டாலியனில் நிர்வாகப் பொறுப்பு. அந்தப் பையனின் முகம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

அப்படிப்பட்டவர் நான்கு மாதம் கழித்து ஹகெனாவில் ஒரு ராத்திரி மட்டும் பொய் சொல்கிறார். முதல் ரோந்தைத் தடுக்கவில்லை, அதற்கு ராணுவத் தேவை இருந்தது. இரண்டாவது, முதல் நாள் கிடைத்த வெற்றியில் கர்னலுக்கு வந்த ஆசை. ஜெர்மன்காரன் உஷாராகிவிட்டான், பனி இறுகிக் காலடிச் சத்தம் கேட்கும், கைதிகள் ஏற்கனவே கையில். அந்த ரோந்தால் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, இழக்க மட்டும் ஆள் இருந்தது. சோபெல் மறைத்தது தன் அதிகாரத்தைக் காட்ட. இவர் மறைத்தது மாட்டிக்கொண்டால் தன் பட்டை போகும் என்று தெரிந்து. நார்மண்டிக்கு 139 பேராகப் போன கம்பெனி ஜூன் கடைசியில் 74 பேராகத் திரும்பியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். வீட்டைக் காப்பவன் கணக்கு இது.

மலர்விழி:

எனக்கு அந்தக் குணம் போருக்குப் பிறகு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

1945 முடிந்து ஊருக்கு வந்ததும் நிக்சன், தன் குடும்பத்துக்குச் சொந்தமான நியூ ஜெர்சி தொழிற்சாலையில் வேலை போட்டுக் கொடுத்தார். கல்யாணம், குழந்தைகள், ஒரு மகன் ஒரு மகள். பென்சில்வேனியாவில் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் பக்கம் அந்த வேண்டுதல் நிலத்தையும் வாங்கிவிட்டார். 1951-ல் மறுபடி ராணுவம் கூப்பிடுகிறது, கொரியாவுக்கு. அப்போது அவர் செய்ததைக் கவனியுங்கள். நேராக வாஷிங்டன் போய், பாஸ்டோன் நாட்களில் பழக்கமான ஜெனரல் மெக்காலிஃபைப் பார்த்து, யுத்தம் போதும், என்னை அனுப்பவேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. ஃபோர்ட் டிக்ஸில் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த அதிகாரிகள் வகுப்புக்கே ஒழுங்காக வராததைப் பார்த்து நொந்துபோனார். கடைசியில் கொரியாவுக்குக் கப்பலேறும் இடத்தில், விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்பு வந்தது. யோசிக்கவே இல்லை, விலகிவிட்டார்.

பிரெகூர் வீரர் யுத்தத்துக்கு வரமாட்டேன் என்று கேட்டுப் போனதைப் பற்றி ரசிகர் மன்றங்களில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வீட்டில் மனைவி இருக்கிறாள், இனி நான் அவளுக்கு உரியவன் என்ற தெளிவு.

அப்புறம் கால்நடைத் தீவன வியாபாரம். ஹெர்ஷி சாக்லேட் தொழிற்சாலையில் மிஞ்சும் உபபொருட்களை வாங்கித் தீவனமாக்கி விவசாயிகளுக்கு விற்றார்.

புதுவரவு_தென்றல்:

மாட்டுக்குச் சாக்லேட்டா?!

கிழக்குவாசல்:

@தென்றல், ஏன், நம் ஊரில் புண்ணாக்கும் தவிடும் எங்கிருந்து வருகிறதாம்? ஆலையில் மனிதனுக்கு எடுத்தது போக மிச்சம்தானே. அங்கே எண்ணெய் ஆலைக்குப் பதில் மிட்டாய் ஆலை. கலவையில் அளவாகச் சேர்ப்பார்கள்.

ஐயப்பாடு:

சரி, கொரியா விஷயம் எனக்குத் தெரிந்திருந்தாலும் இப்படிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி. அமைதியாக வாழ விரும்பியவர், பேட்டி, புத்தகம், பேச்சு என்று கடைசிப் பத்துப் பதினைந்து வருடம் ஏன் அத்தனை வெளிச்சத்தில் நின்றார்? அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் வாங்கித் தரவேண்டும் என்று பெரிய இயக்கமே நடந்ததே.

கூர்வாள்:

இயக்கம் நடத்தியது ரசிகர்கள். 101-வது டிவிஷனில் நார்மண்டிச் சண்டைக்காக அந்தப் பதக்கம் ஒரே ஒருவருக்குத்தான் போனது, லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் கோல். அவரும் அதைக் கையில் வாங்கவில்லை, ஹாலந்தில் செத்துப்போனார். வின்டர்ஸுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

யூட்டா கடற்கரைக்குப் பக்கத்தில் அவர் உருவத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, 2012 ஜூன் 6-ல் திறந்தார்கள். அதற்கு அவர் போட்ட நிபந்தனை, நார்மண்டியில் படையை நடத்திய எல்லா இளநிலை அதிகாரிகளுக்கும் உரியதாக இருந்தால்தான் சம்மதம் என்பது. சிலை திறக்கும் முன்பே போய்விட்டார். 2011 ஜனவரி 2, வயது 92. சாவுச் செய்தியையே அடக்கம் முடிந்த பிறகுதான் வெளியே விட்டார்கள், அவர் விருப்பப்படி. வெளிச்சத்தில் நிற்க ஆசைப்பட்டவர் அப்படிச் செய்யமாட்டார்.

மலர்விழி:

இன்னொன்று, நிக்சன். குடி, முறிந்த கல்யாணங்கள் என்று தள்ளாடிய மனிதர். 1956-ல் அவர் கிரேஸ் உமெசாவாவைக் கல்யாணம் செய்து வாழ்க்கை நிமிர்ந்தபோது மாப்பிள்ளைத் தோழனாக நின்றது வின்டர்ஸ். 1995-ல் நிக்சன் இறந்தபோது இரங்கல் உரை ஆற்ற கிரேஸ் கூப்பிட்டதும் இவரைத்தான். அந்த மனிதரைத் திருத்தவேண்டும் என்று இவர் நட்பை நிபந்தனையாக வைக்கவே இல்லை. குடிக்காத ஒருவர் குடிகார நண்பனை ஐம்பது வருடத்துக்கு மேல் கைவிடாமல் இருப்பதும் குடும்பக் குணம்தான்.

ஹகெனா கதையை நேற்று எங்கள் மாமனாரிடம் சொன்னேன். வழக்கம்போல் உம்மென்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த ஆள் செஞ்சது சரிதான்மா. ஆனா என் கீழ ஒருத்தன் அப்படி அறிக்கை குடுத்து நான் கண்டுபிடிச்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றார். இரண்டும் எப்படி ஒரே வாயில் வருகிறது என்று கேட்டேன். "வரும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஐயப்பாடு:

உங்கள் மாமனார் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. இரண்டாவது பாதிக்கு மட்டும்.